இருபத்துமூன்று பெயர்கள்

“இவன் மூஞ்சியை எதுக்குடா காட்டறே? மாத்து!”

சாயாக்கடை டி.வி.யைப் பார்த்துக் கபீர் கத்தினார். நாடாளுமன்றத்தில் எம்.பி. சிவசங்கரன் பேச எழுந்திருந்தார்.

“நம்ம எம்.பி.தானே கபீரிக்கா, என்னதான் பேசறார்னு கேட்போமே” என்றான் கடைக்காரன் வெங்கிடேஷ்.

“உனக்கு எம்.பி. எனக்கு இல்ல.”

கொச்சி மட்டாஞ்சேரி முழுக்கத் தெரிந்த பகை அது.

கபீரின் தங்கை ஷரீஃபாவுக்கு ஒரே மகன், அப்ஸல். சமையல் வேலை என்று சொல்லி ஓர் ஏஜென்ட் அவனை வெளிநாட்டுக்கு அனுப்பினான். அங்கே கரண்டிக்குப் பதில் துப்பாக்கியைக் கொடுத்து, போர்முனையில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருஷமாகிறது.

அப்போது இதே சிவசங்கரன் மைக்கைப் பிடித்து முழங்கினார். “நட்பு நாடு நடத்துகிற நியாயமான போர் அது. சம்பளத்துக்கு ஆசைப்பட்டு ஓடினவர்களுக்கு அரசாங்கம் எப்படிப் பொறுப்பாகும்?”

அதைக் கபீர் மன்னிக்கவே இல்லை. எம்.பி. ஆபீஸ் இருக்கும் தெருவில்கூட நடக்கமாட்டார். மூட்டை இறக்கப் போகும்போதும் சுற்றிக்கொண்டுதான் போவார். தங்கையிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“அவன் வாசலை மிதிச்சே, அப்புறம் நீ எனக்குத் தங்கச்சியே இல்ல.”

ஷரீஃபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். சுக்குக் கிடங்கில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து, நல்லது கெட்டது பார்த்துப் பிரிக்கிற வேலை அவளுக்கு. அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

டி.வி.யில் சிவசங்கரன் தொண்டையைச் செருமினார்.

“இந்தப் போரை நியாயம் என்று சொன்னேன். தப்பு. போனவர்களை ஆசைக்காரர்கள் என்றேன். அது அதைவிடப் பெரிய தப்பு.”

கபீரின் சாயா கிளாஸ் பாதி வழியில் நின்றது.

“நாடகம்! எலெக்‌ஷன் வருதுல்ல!”

“எலெக்‌ஷன் முடிஞ்சு ஒரு வருஷம்கூட ஆகலை, இக்கா.”

“வாயை மூடிட்டு சத்தத்தைக் கூட்டுடா!”

சிவசங்கரன் தொடர்ந்தார். “நான் ஆளுங்கட்சிக்காரன்தான். ஆனாலும் கேட்கிறேன். நாலு பேர்தான் போனார்கள் என்று அமைச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் மட்டுமே இருபத்துமூன்று பேர். பாஸ்போர்ட் நம்பர், போன தேதி, அனுப்பிய ஏஜென்ட், எல்லாம் இதோ இருக்கிறது. ஒவ்வொரு பெயராகப் படிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும்.”

சொந்தக் கட்சிக்காரர்களே சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உட்காரவில்லை. முதல் பெயர் அப்ஸல். கபீர் எழுந்து நின்றுவிட்டார்.

கடைசியில் அமைச்சர் எழுந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. தந்த விவரம் தவறு என்று ஒப்புக்கொண்டார். “இந்தப் பட்டியலில் உள்ள அத்தனை பேரும் ஒரு வாரத்துக்குள் விமானம் ஏறுவார்கள். இந்த அவைக்கு உறுதி தருகிறேன்.”

கடை அதிர்ந்தது. வெங்கிடேஷ் ஓடி வந்து கபீரைக் கட்டிக்கொண்டான்.

கபீர் அவனை உதறிவிட்டு ஓடினார். எம்.பி. ஆபீஸ் தெரு வழியாகத்தான் ஓடினார். அது அவருக்கு ஞாபகமே இல்லை.

“ஷரீஃபா! அப்ஸல் வர்றான்! எல்லாப் பிள்ளைகளும் வர்றாங்க! டெல்லியிலே ஒத்துக்கிட்டாங்க!”

சுக்குக் கிடங்கில் அழுகையும் சிரிப்புமாக ஒரே கூச்சல். பக்கத்தில் இருந்த கற்பகம் ஷரீஃபாவைத் தூக்கிச் சுற்றினாள். தூசி பறந்து எல்லோரும் தும்மினார்கள்.

கபீர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“பார்த்தியா? ரெண்டு வருஷம் நான் இறங்கியே வரலை. அந்த வைராக்கியம்தான் எம்.பி. மனசைத் திருப்பிச்சு. உன் இஷ்டத்துக்கு விட்டிருந்தா அவன் வாசல்ல போய் நின்னிருப்பே!”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கற்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷரீஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“கோவிச்சுக்காதேண்ணே. நாலு தடவை எங்களை விரட்டினார், அஞ்சாவது தடவைதான் உட்கார்ந்து படிச்சார். ஆறு மாசம் வீடு வீடா ஏறி நாங்க எழுதிக் கொடுத்தது இருபத்திரண்டு பேரு. ஏலூர் ஆவுடையம்மாள் மகன் பேரை நேத்துதான் போன்ல சொன்னேன். அதையும் சேர்த்துப் படிச்சாராண்ணே?”