நல்ல திரை வாங்குற வரைக்கும்

படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க ஜன்னல். "நல்ல திரைச்சீலை வாங்குற வரைக்கும்தான்" என்று சொல்லி, செண்பகவல்லி ஒரு பழைய போர்வையைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். காலை வெயில் மொத்தமும் அதன் முதுகில்தான்.

அவளோ கடை கடையாக ஏறி இறங்கினாள். பச்சை வேண்டாம், நாத்தனார் வீட்டிலும் அதேதான். கோடு போட்டது வேண்டாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்.

"ஒரு பொண்ணு பார்க்கக்கூட இவ்வளவு அலைய மாட்டாங்க. நான்ல இங்க வெந்து சாகுறேன்!" என்று போர்வை பொருமியது.

"பொறுங்கண்ணே, இன்னைக்கு வாங்கிடுவாங்க" என்றது ஜன்னல். தினமும் அது இதையேதான் சொன்னது.

ஒருவழியாக மினுமினுவென்று மெரூன் திரை வந்து ஏறியது. கழற்றிப் போட்ட போர்வை, "அப்பாடா!" என்று கட்டிலில் சாய்ந்தது.

செண்பகவல்லி புதுத் திரையைத் தடவிப் பார்த்தாள். "வெயில் பட்டா கலர் போயிடுமே" என்றவள், போர்வையை எடுத்துக் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் மறுபடி கட்டினாள்.

போர்வைக்கு வந்ததே கோபம்! "வெயிலை மறைக்க நான்தான்னா, நீ எதுக்குடா வந்தே?"

"உங்களை மறைக்க" என்றது திரை.