அத்தை கட்டிக் கொடுத்தது

“பிளாஸ்டிக் டப்பா போதும் அத்தை. இது கனக்குது.”

“அதுல சாப்பாடு வாடை அடிக்கும்மா. எவர்சில்வர்தான் நல்லது” என்று மாமியார் பைக்குள் திணித்தாள்.

ஆபீசில் மருமகள் வடிவமைத்த, கதவைத் திறக்கும் கார்டு ரீடர் மக்கர் செய்தது. நேற்று நாலு விரல் தூரத்திலேயே கார்டைப் படித்தது. இன்று ஒட்டினால்தான் படித்தது. பவரைக் கூட்டி, ஆன்டெனாவைத் திருத்தி, ஒருவழியாகப் பழைய தூரத்துக்குக் கொண்டுவந்தாள்.

மதியம் வாடிக்கையாளரின் இரும்புக் கதவில் போட்டிக்கு வந்த மூன்று கம்பெனிகளின் ரீடர்களையும் மாட்டிப் பார்த்தார்கள். அவளுடையதற்கு மட்டும்தான் கதவு திறந்தது.

“இரும்புல மாட்டினா சிக்னல் செத்துப்போகுமே! எப்படிம்மா சமாளிச்சே?” என்றார் மேலாளர்.

அவளுக்கே புரியவில்லை. பசியோடு மேஜைக்குத் திரும்பியவள் அப்படியே நின்றாள். காலை முழுக்க ரீடரைச் சாய்த்து வைத்துத் திருத்தியது அந்த எவர்சில்வர் டப்பாவின் மேல்தான்!

போனை எடுத்தாள்.

“அத்தை, நாளைக்கும் எவர்சில்வர்லயே கட்டிக் குடுங்க. கனமே தெரியல.”