சுண்டு விரல்

அஞ்சலின் எழுந்து நின்று சுண்டு விரலை நீட்டினாள்.

“சார், ஒன்னுக்கு.”

தையல் ஹால் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. மேனேஜர் கிருஷ்ணகுமாருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

கோவில்பட்டிக்கு வெளியே இருந்த அந்த ரெடிமேட் கம்பெனிக்கு அவர் அன்றைக்குத்தான் புதிதாக வந்திருந்தார். அஞ்சலின் அங்கே சூப்பர்வைசர். வயது நாற்பது. அவளுக்குக் கீழே முப்பது பெண்கள், பெரும்பாலும் புதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சூப்பர்வைசர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, பேசாமல் எழுந்து போகலாம் என்று பக்குவமாகத்தான் சொன்னார்.

“ஒண்ணாங்கிளாஸ்ல வந்த பழக்கம் சார். விரலை நீட்டாம காலு நகர மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரர்கிட்டயே நீட்டிட்டு ஏச்சு வாங்கியிருக்கேன்.”

மறுநாளும் நீட்டினாள். பத்தரைக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு மறுபடியும். ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பு. மிஷின்கள் நின்றுபோகும். அவள் பின்னாலேயே மூன்று நான்கு பேர் கிளம்பிவிடுவார்கள். கிருஷ்ணகுமார் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்.

சர்க்கரை வியாதியாக இருக்குமோ என்று முதலில் பாவப்பட்டார். வியாழக்கிழமை, துணி லாரி வந்ததென்று வெளியே போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அஞ்சலின் கக்கூஸ் பக்கமே போகவில்லை. வேப்பமரத்தடியில் சும்மா நின்றாள். கூட வந்த பெண்கள் திரும்பியதும் அவர்களோடு உள்ளே போய்விட்டாள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஹாலை ஒட்டிய ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, பார்த்ததைச் சொன்னார். வேலை நேரத்தில் இப்படி நாடகம் போட்டால் முதலாளியிடம் சொல்லி அவளைப் பழையபடி மிஷினிலேயே உட்கார வைக்க வேண்டிவரும் என்றார்.

அவள் மறுக்கவில்லை.

“காலையில ஆறு மணிக்கு வேன் ஏறுத பிள்ளைய சார். கக்கூசுக்குப் போணும்னா துணி வெட்டுத ஆம்பளையளத் தாண்டி, உங்க மேசையையும் தாண்டிப் போணும். எந்திரிச்சா எல்லாரும் பாக்காங்க. அந்த வெக்கத்துல சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டு இருப்பாளுவ. தண்ணியே குடிக்க மாட்டாளுவ. போன வருசம் வள்ளிமயில் நீர்க்கடுப்பு வந்து, ரத்தமாப் போயி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா.”

கிருஷ்ணகுமார் திரும்பி, ஹால் வாசலில் கிடந்த தன் மேசையைப் பார்த்தார்.

“நான் சூப்பர்வைசரான மொத நாளு, பழக்கதோசத்துல விரலை நீட்டிட்டேன். எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. எனக்கு மானமே போச்சு. ஆனா எல்லா கண்ணும் எம்மேல இருக்கையில, அங்கன நாலு பேரு யாரு கண்ணுலயும் படாம எந்திரிச்சுப் போயிட்டு வந்துட்டாளுவ. அதான் சார், இன்னும் நீட்டுதேன்.”

அவர் அவளைப் போகச் சொன்னார். பிறகு எழுந்து ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

கக்கூஸுக்கு நேர் எதிரே ஹாலுக்கு ஒரு பின்கதவு உண்டு. துணி களவு போய்விடும் என்று பல வருஷமாகப் பூட்டியே கிடந்தது. முதலாளிக்கு போன் போட்டு, களவு போனால் தானே பொறுப்பு என்று சொல்லிச் சாவியை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து, துருப்பிடித்த கீலுக்கு எண்ணெய் விட்டுக் கதவைத் திறந்து வைத்தார்.

திங்கட்கிழமை பத்தரைக்குள் அந்தக் கதவு வழியாக ஏழெட்டுப் பேர் போய்விட்டு வந்தார்கள். மிஷின்கள் நிற்கவில்லை. யாரும் தலை நிமிரவும் இல்லை.

மதியம் அஞ்சலின் அவருடைய மேசை முன்னால் வந்து நின்றாள்.

“குடிக்கிற தண்ணி கேன் காலியாயிட்டு சார். நாளையிலிருந்து ரெண்டு கேன் கூடப் போடச் சொல்லிருங்க.”