நீல வயரும் மூன்று விதிகளும்

மனித குலத்துக்கு ஒரு நற்செய்தி: வெடிகுண்டைச் செயலிழக்க வைக்கும் வீடியோ கேமில் ஜெயிப்பதற்கான மூன்று விதிகளைத் தணிகைவேல் கண்டுபிடித்துவிட்டார். கண்ணில் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். குண்டு அவர் மனைவி சுகந்தியின் திரையில் இருந்தது. அதைச் செயலிழக்க வைக்கும் வழி சொல்லும் கையேடு தணிகைவேலின் மடியில்; ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்க முடியாது.

“நாலு வயர் இருக்குங்க. கடைசி வயர் நீலம்.”

“நாலு வயர், கடைசி நீலம். முதல் வயர வெட்டு.”

கல்யாணமான நாளிலிருந்து, அவள் பேசி முடிக்கும்வரை அவர் காத்திருந்தது அன்றுதான் முதல் தடவை. அதில் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

“நாளைக்கு நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்.”

“நாளைக்கு நீ தங்கச்சி வீட்டுக்குப் போற. திரும்பி…”

“முழுசாச் சொல்லுங்க. உங்க விதிதானே?”

“திரும்பி வரமாட்ட.” அவர் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். “முன்னாடியே சொல்லியிருக்கலாமே சுகந்தி?”

“எத்தனையோ தடவை ஆரம்பிச்சேன். நீங்க குறுக்க பேசிட்டு இருந்தீங்க. சரி, இப்ப ஒரு சிவப்பு பட்டன் தெரியுது.”

“சிவப்பு பட்டன்” என்றார். குரல் உடைந்திருந்தது. “அழுத்து.”

குண்டு வெடிக்கவில்லை.