கோடு இல்லாத நூறு

"அதெப்படிம்மா மூணு தடவையும் கரெக்டா நூறு?"

வழிகாட்டியான மேடம் கணினியில் இருந்த வரைபடத்தைக் காட்டிக் கேட்டதும் ஆராய்ச்சி மாணவி கடிகாரத்தைப் பார்த்தாள். கட்டுரையை இன்று அனுப்பியாக வேண்டும். அவளுடைய பட்டமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது மருந்து படாத செல் மேடம். ஒவ்வொரு தடவையும் அதை நூறுன்னு வச்சுக்கிட்டு, மருந்து பட்டதுல எவ்வளவு உயிரோட இருக்குன்னு கணக்குப் போட்டேன். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?"

"எல்லாரும் பண்ணட்டும். மத்ததுக்கெல்லாம் ஏற்ற இறக்கத்தைக் காட்டிக் கோடு போட்டிருக்கே. இதை மட்டும் மொட்டையா விட்டுட்டே. உயிருள்ளது தினமும் ஒரே மாதிரி இருக்குமா? நூறாக்குறதுக்கு முன்னாடி கருவி என்ன காட்டுச்சோ, அதை வச்சுப் போடு."

மேடத்தின் பிடி உடும்புப்பிடி. வேறு வழியில்லாமல் அவள் கணினியைத் தட்டினாள். நூறு என்று நின்ற பட்டையின் தலையில் நெட்டையாக ஒரு கோடு முளைத்தது.

"மூணாவது தடவை கருவி காட்டினது பாதியா விழுந்திருக்கே. என்ன ஆச்சு?"

"செல் தட்டை இன்குபேட்டர்ல வைக்காம மேசையிலயே விட்டுட்டேன் மேடம். ஒரு போன் வந்துச்சு. பேசிட்டே இருந்துட்டேன்."

"யார்கிட்ட?"

கட்டுரை போனாலும் போகட்டும், அந்தப் பெயர் மட்டும் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது.

"தெரிஞ்சவர்," என்றாள், தரையைப் பார்த்து.

மேடம் மறுபடியும் படத்தைப் பார்த்தார். "மருந்து பட்டதும் படாததும் ஒரே தட்டுல சேர்ந்துதானே வாடியிருக்கு. முடிவு மாறலை. நடந்ததை எழுதி, கோட்டோடயே அனுப்பு."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. வேகவேகமாகத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள். மேடம் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அது போன சனிக்கிழமை சாயங்காலம்தானே?"

"ஆமா மேடம்."

"அன்னைக்கு எங்க வீட்டுலயும் பால் பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சு. பாத்துக்கடான்னு என் பையன்கிட்ட சொல்லிட்டு வெளியே போயிருந்தேன். அவன் மாடியில போன்ல இருந்திருக்கான். யார்கிட்டடான்னு கேட்டா, 'தெரிஞ்சவங்க'ன்னு இதே மாதிரி தரையைப் பாத்தான்."

அவள் தலை மறுபடியும் குனிந்தது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாம்மா," என்றார் மேடம். "பாலை நானே பாத்துக்கறேன்."