சோதனைச் சாவடியில் ஒரு புரோகிராம்

சத்தியபாமாவின் கைப்பையிலிருந்து எடுத்த தாள்களை பொலிஸ் சார்ஜன்ட் மேசையில் விரித்தார். ஒன்றோடொன்று தொடுத்த ஒன்பது தாள்கள்.

கண்டி குட்ஸ் செட் பஸ் நிலையம். காலை எட்டரை மணி. அவளோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததால் அவளை மட்டும் ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள்.

இது என்ன இரகசிய எழுத்து என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

இரகசியம் ஒன்றுமில்லை, சீ மொழியில் எழுதிய கம்பியூட்டர் புரோகிராம் என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள். ஆஸ்பத்திரி இரத்த வங்கியில் வேலை, பின்னேரம் கம்பியூட்டர் வகுப்பு. இரத்தம் கொடுப்பவர்களைத் தேடி எடுக்க எழுதியது. வேண்டுமானால் அவரே வாசித்துப் பார்க்கலாம்.

இரண்டு வாரத்துக்கு முன் என்றால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

அப்போது இதே புரோகிராமில் எல்லாவற்றுக்கும் பெயர் ஏ, பி, எக்ஸ் ஒன்று, கே இரண்டு. வரிகள் இடது ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஆனால் பிழையில்லாமல் ஓடியது. திகனவிலிருந்து வகுப்புக்கு வரும் அனீஸா, பக்கத்துக் கதிரைக்காரி, அதை வாசித்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள்.

"கம்பியூட்டருக்கு வெளங்கினா போதுமா? நாளைக்கு இத எடுத்துப் பாக்கிற ஆளுக்கும் வெளங்கோணுமே."

சத்தியபாமாவுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினாள். ஒவ்வொன்றுக்கும் அதன் பெயர். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, அது என்ன செய்கிறது என்று ஒரு வரி.

சார்ஜன்ட் எழுத்துக்கூட்டி வாசித்தார். டோனர் நேம். பிளட் குரூப். ஒருமுறை கொடுத்தவர் நான்கு மாதம் கழித்தே மறுபடி கொடுக்கலாம் என்ற குறிப்பு வந்ததும் தலையாட்டினார்.

பிறகு முதல் தாளுக்குத் திரும்பினார். விரல் இரண்டு தரம் மேலும் கீழும் போனது.

எல்லாப் படிவத்திலும் இனம் கேட்பார்களே, இதில் எங்கே என்றார்.

முதலில் இருந்ததுதான். ஆஸ்பத்திரிப் படிவத்தைப் பார்த்து அப்படியே சேர்த்திருந்தாள். பெயர்களோடு எழுதியதை வாசித்த அனீஸா அதைப் பென்சிலால் வட்டமிட்டு, இது எந்த வரியிலும் பயன்படவில்லை என்று பக்கத்தில் எழுதியிருந்தாள்.

"தேவைப்படவில்லை, சேர். எடுத்துவிட்டேன்."

சார்ஜன்ட் அவள் முகத்தைப் பார்த்தார். தாள்களை மடிப்புப் பிசகாமல் மடித்து, அடையாள அட்டையை மேலே வைத்துக் கொடுத்தார்.

நாலு எட்டு நடந்திருப்பாள். பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பினாள்.

தன்னுடையது ஓ நெகட்டிவ் என்றார். அடுத்த கிழமை வடக்குக்கு மாற்றமாம். அதற்கு முன் எந்த நாள் வந்தால் எடுப்பீர்கள் என்று கேட்டார்.