சனிக்கிழமைப் பதிவேடு

"வருகைப் பதிவேட்டக் காட்டுங்க அங்கிள். பார்த்துட்டுத்தான் கையெழுத்து."

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த கறிபாப் பலகாரம், தலைவர் விநாயகமூர்த்தியின் கையில் பாதி வழியிலேயே நின்றது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. இளையோர் நூலகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அப்போதுதான் தேநீருக்குக் கலைந்திருந்தது.

காலையிலிருந்து நிறைவேறியது ஒரே ஒரு தீர்மானம்: இளையோரை ஈர்க்க ஒரு துணைக்குழு. அதன் ஐந்து பேரில் நால்வர் ஓய்வு பெற்றவர்கள். ஐந்தாமவருக்கு அடுத்த மாதம் ஓய்வு.

பதிவேட்டைக் கேட்ட இளம்பெண்ணைச் செயலாளர் பூரணம் படியிலேயே எச்சரித்திருந்தார். "தலைவர்கிட்ட எது வேணா கேளும்மா. அந்த ரெஜிஸ்டர மட்டும் கேட்டுடாத." பெயர் அட்டை கேட்டதற்கு, "பேரு எதுக்கு? பதவி போதும் லா" என்று 'இளையோர் பிரிவு' அட்டையை அவள் கழுத்தில் மாட்டிவிட்டதும் அவர்தான்.

கிள்ளானில் ஒரு பொது நூலகத்தின் இளையோர் பிரிவுக்கு அவள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பத்து வருடத்துக்கு முன்பு அதே பதவியில் இருந்த விநாயகமூர்த்தி அங்கே நடத்தியதாகச் சொல்லும் சனிக்கிழமை வாசிப்பு முகாமுக்குச் சங்கம் தேசிய விருது கேட்கிறது. மனுவில் இப்போதைய அதிகாரியின் கையெழுத்து வேண்டும். இன்று ஐந்து மணி கடைசி.

"மிஸ், உங்களுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல இல்ல?" தலைவர் சிரித்தார். "அத முடிவு பண்ற கமிட்டியில நானும் உக்காந்திருக்கேன். சும்மா ஞாபகப்படுத்தினேன்."

"தெரியும் அங்கிள். எங்க வீட்டுல டிகிரி முடிச்ச மொத ஆள் நான். இந்த வேலை போனா வீடு என்ன ஆகும்னு நல்லாவே தெரியும். ரெஜிஸ்டர்?"

சுற்றி நின்றவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார்கள். தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எடுத்துக் குடு பூரணம். நமக்கென்ன பயம்?"

கெட்டி அட்டைப் பதிவேடு வந்தது. இரண்டு வருடம் பிள்ளைகள் கைபட்டதாம். ஒரு மைக்கறை இல்லை, ஓரம்கூட மடங்கவில்லை.

அவள் புரட்டினாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாற்பது பெயர். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் பெயர் அமுதவள்ளி, கடைசிப் பெயர் யுகேந்திரன்.

"நாப்பது பேரும் எல்லா வாரமும் ஏ-லேர்ந்து ஒய் வரைக்கும் வரிசையாவே வந்தாங்களா அங்கிள்?"

யாருக்கோ புரையேறியது. முப்பது வருடம் நூலக அட்டை அடுக்கிய கைக்குப் பொய்யைக்கூட எழுத்து வரிசை மாற்றி எழுத வரவில்லை.

"ஒழுக்கம்மா! லைப்ரரி கத்துக்குடுக்கிற ஒழுக்கம்."

"கிள்ளான்ல வெள்ளம் வந்த வாரம் கூடவா?"

"வாசிப்புத் தாகம்மா!"

"சனிக்கிழமை அந்த ரூம் பூட்டித்தானே கெடக்கும்? ஜன்னல் வழியா பார்த்தா, உங்க சங்கத்தோட செவப்பு நாற்காலிங்க கூரை வரைக்கும் அடுக்கி இருக்குமே."

தலைவரின் முகம் மாறியது. "யார் சொன்னா? அந்த நாற்காலியெல்லாம் தூக்கிப்போட்டு எட்டு வருஷமாச்சு. நீங்க நேத்து வந்த ஆளு!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்திருக்க வேண்டும். அவசரமாகப் பதிவேட்டை இழுத்து முதல் வரியில் விரலை வைத்தார்.

"இங்க பாருங்க. அமுதவள்ளி. லைப்ரரி கார்டுல உள்ள விலாசம், கேரி தீவு எஸ்டேட். அங்கேருந்து பஸ் புடிச்சு வரும். ஒரு வாரம் தவறல. இப்ப டிகிரியே முடிச்சிருக்கும்."

"எப்படித் தெரியும் அங்கிள்? போய்ப் பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? எங்க முகாம் அப்படி! அந்தப் பொண்ண ஆளாக்கினதே இந்தச் சங்கம்தான்."

துணைக்குழுவில் ஒருவர் கைதட்டினார். வேறு யாரும் சேரவில்லை என்றதும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். பூரணம் பெருமூச்சு விட்டார். தலைவர் மனுவை அவள் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, "நல்ல பொண்ணு. அடுத்த வருஷம் உங்களையே துணைச் செயலாளர் ஆக்கிடலாம்" என்றார்.

அவள் மனுவைத் தொடவில்லை. பதிவேட்டின் முதல் பக்கத்தில், அமுதவள்ளி என்ற பெயருக்கு எதிரே, 'வரவில்லை' என்று எழுதினாள். அடுத்த பக்கத்திலும் எழுதினாள். மூன்றாவது பக்கத்தில் தலைவர் புத்தகத்தைப் பிடுங்கினார்.

"பைத்தியமா உனக்கு? வேலை வேணுமா வேணாமா?"

அவள் பேனாவை மூடினாள். கழுத்து அட்டையைக் கழற்றி, கையெழுத்தில்லாத மனுவின் மேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியை நோக்கி நடந்தாள்.

"நில்லு! அந்தப் பொண்ணு வரலன்னு சொல்ல நீ யாரு? உன் பேரு என்ன?"

முதல் படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்க ரெஜிஸ்டர்ல மொத பேரு, அங்கிள்."